ஏழு பேப்பர் வெயிட்டுகள்

விசில் ஊதியதும், வீட்டின் பின்பக்க மூலைக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த ஜாக்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கால் சுற்றுத் திரும்பின. டாக்டர் வீடு ஒரு முனகல் முனகியது.

"பார்த்தும்மா" என்றார் வீட்டைப் பராமரிக்கும் அரசு அதிகாரி. காலையிலிருந்து அது எத்தனையாவது 'பார்த்தும்மா' என்று அவருக்கே தெரியாது.

வாயில் விசில் இருக்கும்போது விசில் அக்கா யாருக்கும் பதில் சொல்வதில்லை.

கட்டடம் தூக்கும் வேலையில் இருபது வருடம். ஆட்கள் வைத்த பெயர் அது. அவள் வருவது தூரத்திலேயே கேட்கும். டொக், சரக், டொக், சரக் என்று ஒரு நடை. அந்தச் சத்தம் கேட்டால் அரட்டை நின்றுவிடும்.

எலும்பு டாக்டர் கட்டி, வாழ்ந்து, வைத்தியம் பார்த்த வீடு; இப்போது அவர் நினைவு இல்லம். நாற்சந்தியில் அவருக்குச் சிலை உண்டு. அஞ்சல் தலை உண்டு. பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கமும் உண்டு.

எல்லாம் இருந்து என்ன? வருடா வருடம் ரோடு உயர்ந்து உயர்ந்து, மழை பெய்தால் தண்ணீர் நேராக அவர் நாற்காலிக்குத்தான் வருகிறது.

இடித்துவிட்டு ஒரு நினைவுத் தூண் வைக்கலாம் என்று ஃபைல் தயாராகிவிட்டது. அதிகாரிதான் மேலிடத்தில் கெஞ்சிக் கூத்தாடி, வீட்டை மூன்று அடி தூக்கிப் பார்க்க ஒரு வாய்ப்பு வாங்கியிருந்தார்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. டாக்டர் அறைச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். அதன் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லை ஒட்டியிருந்தார்கள். விரிசல் விரிந்தால் சில்லு உடையும். சில்லு உடைந்தால் வேலை அத்தோடு நிற்கும். அப்புறம் இடிப்புதான்.

பொறியாளர்கள் முதலில் விரிசலைச் சிமென்ட் வைத்து அடைக்கச் சொன்னார்கள். விசில் அக்கா விரிசலைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. வீட்டைச் சுற்றி ஒரு நடை போய் வந்து, பின்பக்க இடது மூலை மூன்று அங்குலம் இறங்கியிருக்கிறது, முதலில் அதை மட்டும் தூக்க வேண்டும் என்றாள். மூலையை மட்டும் தூக்கினால் சுவர் பிளந்துவிடும் என்று அவர்கள் தலைதலையாய் அடித்துக்கொண்டார்கள். அவள் பிடித்த பிடியை விடவில்லை.

வீட்டுச் சாமான்கள் எல்லாம் வெளியே போய்விட்டன. டாக்டர் அறையில் மிச்சம் ஒரு கண்ணாடிப் பெட்டி. பயத்தை மறக்க, அதிகாரி கையிலிருந்த பட்டியலைச் சத்தமாகப் படித்தார்.

"மூக்குக் கண்ணாடி ஒண்ணு. பேனா ஒண்ணு. மரத்துல பேப்பர் வெயிட் ஏழு. ஏழா! மனுஷன் எவ்வளவு எழுதியிருக்கணும்!"

விசில் அக்கா பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஊதினாள்.

கால் சுற்று. முனகல். மறுபடி விசில்.

மூலை கிட்டத்தட்ட மூன்று அங்குலமும் ஏறிய நேரத்தில்தான் அந்தச் சத்தம் கேட்டது.

டிக்.

கண்ணாடிச் சில்லு தரையில் கிடந்தது.

அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. ஆட்கள் ஜாக்கியிலிருந்து கையை எடுத்தார்கள். யாரோ தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்கள்.

விசில் அக்கா மட்டும் பையிலிருந்து ரம்பத் தகடு ஒன்றை எடுத்தாள். காலையில் அதே விரிசலுக்குள் பாதிவரை போன தகடு அது. இப்போது நுனிகூட இறங்கவில்லை.

"இழுத்து உடையல சார், நெருக்கி உடைஞ்சிருக்கு. விரிசல் மூடிக்கிச்சு."

அதிகாரி நம்பவில்லை. தன் நகத்தை வைத்துச் சுவரை மேலும் கீழுமாகத் தடவினார். மறுபடி தடவினார். பிறகு சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். கண்ணில் நீர் வந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

பொறியாளர்கள் பார்க்காததை நீ எப்படிப் பார்த்தாய் என்று கேட்டார்.

அவள் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். அதில் யார் கை வைத்தாலும் வள்ளென்று விழும் அதிகாரி அன்றைக்குத் தள்ளி நின்று வழிவிட்டார்.

ஏழு மரத்துண்டுகளும் ஏழு உயரம். பேப்பர் வெயிட்டுக்கு எதற்கு ஏழு விதமான உயரம் என்று இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

அவள் தேடவில்லை. நாலாவதை எடுத்துத் தரையில் வைத்தாள். ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு ஷூக்களையும் கழற்றினாள். வலது ஷூ எல்லாருடையதையும் போல இருந்தது. இடது ஷூவின் அடிப்பாகம் மூன்று அங்குலத் தடிமன்.

வெறுங்காலோடு எழுந்தாள். வலது கால் தரையில். இடது கால் கட்டையின் மேல்.

இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் நின்றன.

"பத்து வயசுல முதுகு வலின்னு இங்க வந்தேன் சார். டாக்டர் முதுகைத் தொடவே இல்ல. இந்தக் கட்டையை இடது காலுக்கு அடியில வெச்சார்."

அதிகாரி கட்டையைப் பார்த்தார். பின்பக்க மூலையைப் பார்த்தார். பட்டியலை எடுத்து 'பேப்பர் வெயிட்' என்பதை மெதுவாகக் கோடு போட்டு அடித்தார்.

வீடு முழுக்க இன்னும் மூன்று அடி ஏற வேண்டும். ஆட்கள் காத்திருந்தார்கள்.

கட்டையிலிருந்து இறங்காமலே அவள் அடுத்த விசிலை ஊதினாள்.