பொட்டலத்தின் கடைசி வசனம்

காலை பத்தேகால். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே யாரோ ஒருவன் அவளுடைய பையனைப் பறித்துக்கொண்டிருந்தான்.

அவள் கதவைத் தட்டவில்லை. தள்ளினாள்.

ஒலிப்பதிவாளன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். “அக்கா, டேக் போயிட்டிருக்கு. வெளிய லைட்டைப் பாக்கலையா?”

“பாத்துட்டுத்தான் வந்தேன். யாருடா அவன்?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டு. திரையில் பொட்டலம் நடந்துகொண்டிருந்தான்: பெரிய தலை, குச்சிக் கால்கள், புதிதாக ஒரு மீசை, முதுகில் தன்னைவிடப் பெரிய பை. இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, ஹெட்போன் மாட்டிய ஒருவன் மைக்குக்கு முன்னால் நின்றிருந்தான்.

இருபத்திரண்டு வருடங்களாக அந்தக் கார்ட்டூன் பையனுக்குப் பேசியவள் அவள். சின்னப் பையன்களுக்குப் பெண்கள் பேசுவதுதான் அங்கே வழக்கம். பையன்களின் குரல் உடைந்துவிடும், பெண்களின் குரல் உடையாது.

பொட்டலத்துக்கு ‘ர’ வராது. ஒவ்வொரு வாரமும் முடிவில் பையை மாட்டிக்கொண்டு “போயிட்டு வயேன்” என்பான். அதைச் சொல்லும்வரை எந்த வீட்டிலும் பிள்ளைகள் டிவியை அணைக்க விடுவதில்லை.

தொடர் இன்றோடு முடிகிறது. நேற்று போனில் சொன்னார்கள்: கடைசிக் காட்சியில் பொட்டலம் வளர்ந்துவிடுகிறான், அதற்கு ஆண் குரல், நீங்கள் வரவேண்டாம்.

“காய்ச்சல்ல பேசியிருக்கேன். பல்லு பிடுங்கின அன்னிக்கு வாயில பஞ்சோட பேசியிருக்கேன். கடைசியில வழியனுப்ப மட்டும் வேற ஆளா?”

“மீசை வெச்சவனுக்கு நீங்க எப்படிக்கா பேசுவீங்க?”

“அவனுக்கு மீசை வைக்கச் சொல்லி எவன் அழுதான்?”

“இந்தக் கடைசிக் கதையை எழுதப் புதுசா வந்தவரு. உள்ள நிக்கறாரே, இவர்தான். வேற எதுவும் கேக்கலை. கடைசி வசனத்தை நான்தான் பேசுவேன்னு மட்டும் சொல்லிட்டாரு.”

“ஆகா! எழுதறதும் அவன், பேசறதும் அவன். வீட்டுக்கு வீடு உக்காந்து பாக்கறதும் அவனேவா?”

ஒலிப்பதிவாளன் சிரிக்கவில்லை. “எனக்கு மட்டும் சந்தோஷமா இருக்கா? பழைய டேப் ரெக்கார்டரை டிவிகிட்ட வெச்சு உங்க குரலைப் பிடிச்ச ஆளு நான். அந்தக் கிறுக்குதான் என்னை இந்த நாற்காலிக்கே கொண்டுவந்துச்சு. கிளம்புங்கக்கா. வீட்ல எல்லாரோடயும் உக்காந்து நிம்மதியா பாருங்க.”

“எல்லாரோடயுமா? இருந்த ஒரு பிள்ளையும் அரை டிராயரோடயே அவங்கப்பாகூடக் கிளம்பிடுச்சு. சுவத்தோட உக்காந்து பாக்கச் சொல்றியா?” அவள் மூச்சு வாங்கினாள். “சரி, அந்தக் கடைசி வசனந்தான் என்ன? அதையாவது சொல்லித் தொலை.”

அவன் மேசையைப் பார்த்தான். “போறேன்.”

“போயிட்டு…?”

“இல்லக்கா. வெறும் ‘போறேன்’தான்.”

அவளுக்குக் காதுமடல்வரை சூடேறியது. உள்ளே இருப்பவருடன் பேசுவதற்கான பட்டன் மேசை ஓரத்தில் இருந்தது. ஒலிப்பதிவாளன் தடுப்பதற்குள் அதை அழுத்திவிட்டாள்.

“ஏய் எழுத்தாளரே! வாசல்ல நின்னு ஒரு பிள்ளை ‘போறேன்’னு சொல்லுமா? வரேன்னு சேத்துச் சொன்னா உன் வாயில முத்து உதிர்ந்துடுமா? நீ எந்த வீட்ல வளந்தே?”

உள்ளே இருந்தவன் திரும்பவில்லை. ஒலிப்பதிவாளன் படத்தை நிறுத்தினான். திரையில் பொட்டலம் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான்.

ஸ்பீக்கரில் குரல் வந்தது. கனத்த குரல். ஒவ்வொரு எழுத்தும் தேய்த்துக் கழுவி வைத்ததுபோல் இருந்தது.

“ஒரு வாரங்கூட விடாம பாத்தவன் நான். அவனைப் பாத்துப் பாத்துத்தான் எழுதவே வந்தேன்.”

“அப்புறம் ஏன் இந்த வன்மம்?”

“பள்ளிக்கூடத்துல என் பேரையே மறந்துட்டாங்க. பொட்டலம்னுதான் கூப்பிட்டாங்க. பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சு, ‘எங்க, வரேன்னு சொல்லுடா பாக்கலாம்’னு சிரிச்சாங்க. வாத்தியாரும் சேந்து சிரிச்சாரு.”

“அதுக்கு நான் பழியா? ஊர்ல பாதிப் பிள்ளைங்க பொட்டலம் மாதிரிதான் பேசிச்சுங்க. எவனாவது இப்படிக் கிளம்பி வந்து என் வயித்துல அடிச்சானா?”

ஒலிப்பதிவாளன் அவள் கையை விலக்கப் பார்த்தான். தட்டிவிட்டாள்.

“சின்ன வயசுல நீ அவனை மாதிரிப் பேசித் திரிஞ்சே. நாலு பேரு சிரிச்சாங்க. அந்த ஆத்திரத்துல இன்னிக்கு அவன் வாயையே பிடுங்க வந்திருக்கே. வெக்கமா இல்ல உனக்கு?”

உள்ளே இருந்தவன் ஹெட்போனைக் கழற்றி மைக் கம்பியில் மாட்டினான். கம்பி ஆடியது. அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது.

“நான் அவனை மாதிரிப் பேசலை. நீதான் அவனை என்னை மாதிரிப் பேச வெச்சே, அம்மா.”