துக்கமணிக் கணக்கு

"பட்டியல்ல பத்துப் பேர்தான் வே. துக்கமணியைப் பதினோரு தடவை எதுக்கு அடிச்சீரு?"

முதல் உலகப் போரில், பஸ்ரா சண்டையில் இறந்த புன்னக்காயல் படகோட்டிகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்க வந்த பாளையங்கோட்டைக் குமாஸ்தா சத்தியநேசன் அதட்டினார்.

மாதா கோயிலில் மணியடிக்கும் தொம்மை கயிற்றை விடவில்லை. "செத்தது பதினொண்ணு."

"அதுல ஒருத்தன் உத்தரவை மீறி ஓடினவன். நம்ம பட்டாளமே சுட்டுருச்சி. சர்க்கார் கணக்கில வரமாட்டான்."

"ஆத்துல விழுந்த எங்க பிள்ளையளைத் தூக்கத்தாம்வே திரும்பி ஓடுனான். தப்பிச்சவன் கடுதாசி போட்டிருக்கான். உம்ம பேனா பயப்படட்டும், என் மணி பயப்படாது."

"அவன் உங்க ஊரும் இல்ல, உங்க கோயிலும் இல்ல."

"இல்லாட்டிப் போகட்டும். அடிப்பேன்."

சத்தியநேசன் பேனாவை மையில் தோய்த்தார். பட்டியலின் அடியில் பதினோராவது பெயரைத் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, தொம்மையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எம்மவனுக்கு இன்னொரு தடவை அடிப்பீங்களா?"