பஸ் நின்றதும் ஒரு விசில்

எப்படி ஆரம்பித்தாலும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று சவரிமேரிக்குப் பயம். ஒரு வார்த்தை பிசகினால் கெடப்போவது மகள் பேர்தான்.

அதே தெருவில், தன் வீட்டு வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்த குப்புவின் முன்னால் போய் நின்றாள். முந்தானையை முறுக்கிக்கொண்டே, "உன் வீட்டுக்காரரு விசிலடிக்கிறாரு" என்றாள்.

குப்பு நிமிரவில்லை. "எந்த விசிலு, அக்கா? கண்டக்டர் விசிலா, குப்பை வண்டி விசிலா? எங்க ஊட்டு குக்கரே சரியா அடிக்க மாட்டேங்குது."

"என் பொண்ணப் பாத்து."

குப்புவின் கை நின்றது.

சவரிமேரி கொட்டித் தீர்த்தாள். மகள் அனிதா அண்ணாமலை நகரில் படிக்கிறாள். சாயங்காலம் சிதம்பரம் பஸ்ஸில் வந்து சிப்காட் தாண்டி இறங்குவாள். இறங்கியதும் குப்புவின் புருசன் சிற்றம்பலம் வாயில் விரலை வைத்து நீளமாக ஒரு விசில் அடிக்கிறான். நேற்று சவரிமேரியே தூரத்திலிருந்து கண்ணால் பார்த்தாள். அதைவிடக் கொடுமை, மகளும் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு வருகிறாள்.

"நாளையிலேருந்து காலேஜுக்கு அனுப்பப்போறதில்ல. படிச்சுக் கிழிச்சது போதும். மானத்தோட வீட்டுல கெடக்கட்டும்."

குப்பு எழுந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று சவரிமேரி ஓரடி பின்வாங்கினாள். குப்புவோ மீன் தலையும் குடலும் கிடந்த சட்டியை எடுத்துக் காட்டினாள்.

"இது ரோட்டு முனை நாய்ங்களுக்கு, அக்கா. அவரு விசிலடிச்சா எங்க இருந்தாலும் திங்க ஓடியாந்துடுங்க. போன மாசம் உங்க பொண்ண அதுங்க தொரத்துச்சுங்க, பொண்ணு செருப்ப உட்டுட்டு அழுதுகினே இங்கதான் ஓடியாந்துச்சு. அதுலேருந்து பஸ் நின்னா போதும், இவரு சட்டியத் தூக்கிக்கினு தள்ளிப் போயி விசிலடிப்பாரு. நாய்ங்கல்லாம் இவருகிட்ட ஓடிடும். பொண்ணு பயமில்லாம ஊட்டுக்கு வந்துடும்."

சவரிமேரி முறுக்கிய முந்தானையை விட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அவ."

"சொன்னா நாய்க்குப் பயந்து நீங்க காலேஜையே நிறுத்திடுவீங்களாம். எங்ககிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு."

மறுநாள் காலையில் சவரிமேரி காலேஜுக்குக் கிளம்பிய மகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பி ரோட்டு முனை வரை போனாள். படுத்திருந்த நாய்கள் எழுந்து உறுமின. ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே விறுவிறுவென்று திரும்பி, குப்பு வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"தம்பி சிற்றம்பலம், கொஞ்சம் வெளிய வந்து எனக்கும் ஒரு விசில் அடிப்பா."