செம்மஞ்சள் புள்ளி

"மரங்களிலை இருந்த புள்ளியளை அழிச்சது உங்கடை மகள்தான், றொய்சன்" என்றார் அன்ரனெற் ரீச்சர்.

நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் சின்னக் கதிரையில் வேலை உடுப்போடு மடங்கி உட்கார்ந்திருந்தான் றொய்சன். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவன் வந்து சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. மனைவி கரோலினோடு காலையில் போன அலுவல் இழுபட்டுவிட்டது என்று மன்னிப்புக் கேட்டான். முடிந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டி வந்ததாம். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, ரீச்சரும் கேட்கவில்லை.

மோர்னிங்சைட் பகுதியில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அதுதான் வகுப்பறை. சூழலைக் காப்பது பற்றி ரீச்சர் பலகையில் எழுதிப் படிப்பிப்பதில்லை. ஆளுக்கொரு மரம். விழுந்த சுள்ளியைச் சுட்டுக் கரி செய்ய வேண்டும். பட்டையில் கடதாசியை வைத்து அந்தக் கரியால் தேய்த்து அதன் வடிவத்தை எடுக்க வேண்டும். விதை பொறுக்கி முளைக்க வைக்க வேண்டும். கறுத்த கையோடு வீட்டுக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்து முதலில் முகம் சுளித்த தாய்மார்கூட இப்போது வெள்ளிக்கிழமைக்கென்று பழைய சட்டை எடுத்து வைக்கிறார்கள்.

றொய்சனின் மகள் நதீஷாவுக்குக் கிடைத்தது ஓர் ஆஷ் மரம். அந்த ஆண்டு அங்கிருந்த ஆஷ் மரங்களை வண்டு தின்றுவிட்டது. நகரசபையில் இருந்து ஆட்கள் வந்து, வெட்ட வேண்டிய பதினொரு மரங்களுக்குச் செம்மஞ்சள் பெயின்றில் புள்ளி போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு கிழமை கழித்து வந்து பார்த்தால் ஆறு புள்ளிகளைக் காணவில்லை. சட்டி தேய்க்கிற கம்பி நேற்று நதீஷாவின் புத்தகப் பைக்குள் இருந்து வந்தது.

"உள்ளுக்குச் செத்த மரங்கள், றொய்சன். காத்தடிச்சால் பிள்ளையளுக்கு மேலை விழும். புள்ளி இல்லையெண்டால் வெட்ட வாறவை அதை விட்டிட்டுப் போயிடுவினம்."

பள்ளத்து வகுப்பையே நிறுத்தப்போவதாகப் பள்ளிக்கூட அதிபர் பிடிவாதமாக நின்றாராம். ரீச்சர் கெஞ்சி ஒரு வழி வாங்கியிருந்தார். செய்த பிள்ளை ஏன் செய்தது என்று சொல்லி, இனிச் செய்யமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் போதும். பிள்ளையோ வாய் திறக்கவில்லை. இன்று பேசாவிட்டால் முப்பது பிள்ளைகளின் வெள்ளிக்கிழமையும் போய்விடும். பன்னிரண்டு வருடமாக ரீச்சர் கட்டி வளர்த்த வகுப்பு அது.

"மரத்துக்கு மருந்து குடுக்கேலாதோ எண்டு புள்ளி போட்ட அண்டைக்குப் பிள்ளையள் கேட்டவை. நான் மறைக்கேல்லை. புள்ளி போட்டால் முடிஞ்சுது, இனி வெட்டுறதுதான் எண்டு சொன்னனான். புள்ளி போட்ட மரம் கிடைச்ச பிள்ளையள் எல்லாரும் தங்கடை மரத்தைக் கடைசியா ஒருக்கால் படமாக் கீறிப் பிரியாவிடை சொன்னவை. இவள் மட்டும் கீறேல்லை."

பிள்ளைகளிடம் எதையும் மறைக்கக்கூடாது என்பது தன் கொள்கை என்றார் ரீச்சர். றொய்சன் கதிரையில் ஒருமுறை அசைந்து உட்கார்ந்தான்.

"வீட்டிலை சரியான நல்ல பிள்ளை, ரீச்சர். தாய்க்குக் கொஞ்ச நாளாச் சுகமில்லை. பள்ளிக்கூடத்தாலை வந்தால், படுத்திருக்கிற தாயை ஈரத்துணியாலை துடைச்சு விடுறதே அவள்தான். என்னைக்கூடக் கிட்ட விடமாட்டாள்" என்றான். சொல்லும்போதே அவனுக்குப் பெருமையாக இருந்தது. இப்படிப்பட்ட பிள்ளை இதைச் செய்யுமா என்று நம்ப முடியாமலும் இருந்தது.

நதீஷாவைக் கூப்பிட்டார்கள். கம்பி கீறிய விரல்களைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஏசுவதாகத்தான் றொய்சன் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். அந்த விரல்களைக் கண்டதும் ஏச்சு வரவில்லை. வருத்தம் பிடித்த மரங்கள், வேறு வழியில்லை, அதே இடத்தில் புதுக் கன்றுகளை அவளே நடலாம் என்று தன்மையாகச் சொல்லிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவேயில்லை. ரீச்சரைத்தான் பார்த்தாள்.

"புள்ளி இல்லாட்டி, எதை வெட்டுறதெண்டு அவைக்குத் தெரியாதுதானே ரீச்சர்?"

"தெரியாது. அதுதானே பிள்ளை பிரச்சினை."

நதீஷா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பல நாளாகச் சுமந்த எதையோ இறக்கி வைத்தது போல முகம் தெளிந்தது.

"அப்ப நான் மரத்தை இனித் தொடமாட்டன், ப்ரொமிஸ். அதிலை எப்பிடி அழிக்கிறதெண்டு பழகிப் பாத்தனான்" என்றாள். பிறகு தகப்பனின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மாவின்ரை நெஞ்சிலையும் மூண்டு புள்ளி போட்டிருக்கினம், அப்பா. கலர்தான் வேறை. நேற்றுத் துடைக்கேக்கை ரெண்டை அழிச்சிட்டன், மற்றது இண்டைக்குப் போயிடும்."

கதிர் எங்கே பட வேண்டும் என்று காட்டும் அந்த இரண்டையும் அளந்து திரும்பப் போடத்தான், காலையில் கதிர்ச்சிகிச்சை அறையில் அவ்வளவு நேரம் பிடித்தது.