பருவுக்குள் சிவப்பு

குளச்சல் பாறைகளுக்கு நடுவே, கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியின் மேல் நுண்ணோக்கி இருக்கிறது. அதன் அடிக்கண்ணாடி காலை வெயிலைப் பிடித்து மேலே அனுப்புகிறது. இடுப்பளவு கடலில் பன்னிரண்டு பெண்கள் கத்தியோடு காத்து நிற்கிறார்கள். அவர்கள் கயிற்றில் கட்டி வளர்த்த சிவப்புப் பாசி முழுக்கப் பரு முளைத்திருக்கிறது. நோய் என்றால் இப்போதே அறுத்துக் கரையில் எரித்தாக வேண்டும். ஆராய்ச்சி மாணவி லிஜி ஒரு பருவைப் பிளேடால் கீறி, ஒரு சொட்டுக் கடல்நீரில் வைத்துப் பார்க்கிறாள். சட்டென்று நிமிர்கிறாள். “அக்கா, நீங்களே பாருங்க.” பெண்களுக்குத் தலைவியான பிரிஜித்தாள் ஈரக் கையை முந்தியில் துடைத்துவிட்டுக் குனிகிறாள். முப்பது வருடம் மீன் அறுத்த கண் அது. கீறலின் வழியே சிவந்த மணிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கொட்டுகின்றன. “ஏட்டி, இதுவா நோவு? இது சினையாக்கும்!” “சினையேதான் அக்கா. ஒவ்வொரு மணியும் ஒரு பாசியாட்டு முளைக்கும்.” பிரிஜித்தாள் பாறைமேல் ஏறி, அலைச்சத்தத்தை மீறிக் கத்துகிறாள். “அறுக்காதிங்கட்டி! பாசி சினை பிடிச்சு நிக்குது!” கடலுக்குள் நிற்கும் பெண்களிடமிருந்து குரவைச் சத்தம் எழுகிறது. முன்னால் நிற்பவள் கத்தியைக் கரைக்கு வீசி எறிந்துவிட்டு, பரு நிறைந்த கயிற்றை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொள்கிறாள்.