சொந்தப் புருவம்

அழகு நிலையத்து மேசையில் வேக்ஸ் சட்டிக்கு இருந்த கொதிப்பு கொஞ்சநஞ்சமில்லை. பக்கத்திலிருந்த கற்றாழை ஜெல் டப்பாவை அது ஏறெடுத்தும் பார்க்காது.

ஒருநாள் புருவம் திருத்த தாமரைச்செல்வி வந்தாள். மறுநாள் அவளுக்கு நிச்சயதார்த்தம்.

"பருவுக்கு க்ரீம் போடுறேன்க்கா, தோல் மெலிசாயிருக்கு. வேக்ஸ் வச்சா பரவாயில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா," என்றாள் கடைக்காரி வசுமதி.

"முதல்ல கையில ஒரு சொட்டு வச்சுப் பார்க்கலாமே," என்று முனகியது ஜெல்.

"என்னையே சோதிக்கணுமா? என் தரம் என்ன, தகுதி என்ன!" என்று பொங்கியது சட்டி.

வேக்ஸ் தடவி ஒட்டிய துணிப் பட்டையை இழுத்ததும் புருவத்தடியில் தோல் தக்காளியாகச் சிவந்து தடித்தது.

"கல்யாணக் களை," என்றது சட்டி.

"கல்யாணக் களைம்மா," என்றபடி வசுமதி பாதி ஜெல்லை வழித்து அப்பி அனுப்பினாள்.

சாயங்காலம் கடையில் ஆளில்லை. தன் புருவத்தைத் திருத்த வசுமதி கண்ணாடி முன் உட்கார்ந்தாள். சட்டி பெருமையில் தளதளத்தது. அவளோ ஒரே ஒரு சொட்டை எடுத்து, ஊதி ஆற்றி, முழங்கை மடிப்பில் தடவிப் பட்டையை இழுத்தாள். தோல் சிவக்கிறதா என்று பார்த்துவிட்டு, புருவத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டாள்.

சட்டிக்கு முகம் தொங்கிப்போனது. "அவங்களுக்கு நாளைக்கு விசேஷம் எதுவும் இல்ல. அதான் அவசரப்படல," என்றது.

"ஆமாமா," என்றது பாதி டப்பா ஜெல். "முகமும் சொந்த முகமாச்சே."