நாலாவது சக்கரம்

உசிலம்பட்டி சாலையோரம் பழைய கார்கள் விற்கும் இடத்தில் காலை வெயில் கண்ணாடிக்குக் கண்ணாடி தாவிக் கண்ணைக் கூசவைக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் சின்ன டீசல் எஸ்.யு.வி.யின் புகைக்குழாய் முன்னால் குத்தவைத்து, தன் வெள்ளைத் துண்டைப் பிடித்துப் பார்க்கிறான் தவமணி. துண்டு கறுக்கவில்லை. "நீங்க சொன்ன காசுக்கு வழியில நிக்காத வண்டி இதாண்ணே," என்கிறான் விற்கிற பாதுஷா. தவமணி பின்சீட்டை மடக்கச் சொல்கிறான். அவன் மனைவி இசைவாணி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, காலை நீட்டிப் படுத்துப் பார்க்கிறாள். முடி கொட்டிய தலையில் சுற்றியிருந்த துணி நழுவுகிறது. வாராவாரம் மதுரை ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து போக இனி அவளால் முடியாது. டீசல் வாடை குமட்டுகிறது. முதல் ஓட்டத்தில் நசுங்கட்டும் என்று சக்கரங்களுக்கடியில் வைக்க வாங்கிவந்த நாலு எலுமிச்சையில் ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்துக்கொள்கிறாள்.

"எடம் பத்துதா, வாணி?"

"தாராளமாப் பத்துது. ஏங்க, பெறகு வித்தா நல்ல வெலைக்குப் போகுமான்னு கேட்டீகளா?"

பாதுஷா சாலையைப் பார்க்கிறான். தவமணி குனிந்து, சக்கரத்துக்கு ஒரு பழமாக வைத்துக்கொண்டே வருகிறான். நாலாவது சக்கரத்தருகே வெறுங்கையோடு நிற்கிறான். அவள் கையிலிருக்கும் பழத்தைக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.